மல்லாந்திருக்கும் விமானத்தை இழுக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானத்தை ஒழுங்காக ஏற்றி இறக்கத் தெரிந்துவிட்டால், அடுத்து அதைக் குட்டிக்கரணம் அடிக்கவைக்கத்தான் கை துறுதுறுக்கும்.

லூப், அதாவது செங்குத்தாக ஒரு முழு வட்டம் அடிப்பது, சுலபம். முழு த்ராட்டில் (மோட்டாரின் வேகம்) கொடுத்து நேராக ஓடவிட்டு, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் ஸ்டிக்கை நிதானமாக நம் பக்கம் இழுக்க வேண்டும். உச்சி தாண்டி மூக்கு கீழே திரும்பியதும் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். இழுக்கத் தொடங்கும்போது இறக்கைகள் சமமாக இல்லையென்றால் வட்டம் கோணிக்கொண்டு எங்கோ போய்விடும். 1913-ல் நெஸ்தெரோவ் என்ற ரஷ்ய ராணுவ விமானி நிஜ விமானத்திலேயே முதல் லூப் அடித்தார். அரசாங்கச் சொத்தோடு விளையாடினார் என்று அவரைக் காவலில் வைத்தார்கள். நமக்கு அந்தப் பயம் இல்லை, சொத்து நம்முடையது.

பறந்தபடியே பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று புரளுகிற ரோலில்தான் வில்லங்கம். மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு இறக்கைகளில் இருக்கும் புரட்டும் மடல்களான ஏலரானை ஒரு பக்கம் கொடுத்ததும் விமானம் புரளும். பாதியில் மல்லாந்திருக்கும்போது மூக்கு தரையைப் பார்த்துச் சரியும். உடனே நம் கை பதறிப்போய் எலிவேட்டரை இழுக்கும். மல்லாந்திருக்கும் விமானத்தை இழுத்தால் அது தரைக்குத்தான் வரும். அந்த இடத்தில் ஸ்டிக்கைத் துளியூண்டு முன்னால் தள்ள வேண்டும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம்தான். இருந்தும் பால்சா என்ற லேசான மரத்தில் செய்த என் முதல் விமானத்தை இழுத்துத்தான் உடைத்தேன். இறக்கை ஒரு பக்கம், மோட்டார் மண்ணுக்குள். கூட வந்த நண்பர் ஒன்றும் பேசாமல் ஒரு குப்பைப் பையை நீட்டினார்.

அப்புறம்தான் கம்ப்யூட்டரில் பறக்கப் பழகும் சிமுலேட்டரில் உட்கார்ந்தேன். அரை ரோல் அடித்து, மல்லாந்தபடியே நிறுத்தி, தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. திரும்பத் திரும்ப அதேதான். பதற்றம் வந்தால் எலிவேட்டரைத் தொடாமல் ஏலரானால் புரட்டி நிமிர்த்துவது என்று விரலுக்குப் பழக்கினேன். நிஜத்தில் பறக்கவிடும்போது, இரண்டு தப்பு செய்தாலும் மிச்சமிருக்கிற உயரம் வேண்டும்.

இன்னொன்று. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அப்போது யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். நிமிர்ந்து வருகிற விமானம் என்றால், எந்த இறக்கை தாழ்கிறதோ அதற்கு முட்டுக்கொடுப்பது போல ஸ்டிக்கை அந்தப் பக்கமே நகர்த்துங்கள், சமமாகிவிடும்.

அந்தப் பையை இன்னும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். போன மாதம்கூடத் தேவைப்பட்டது.