ஜாமீன் கையெழுத்து யாருடையது?

(மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இன்று காலை 6 மணிக்கே வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நின்ற மூன்று பேரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அழைப்பிதழை நான்தான் செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொன்னேன். சாயங்காலம் 6 மணி என்றுதான் சொன்னேன். அது 'இனிய காலைப் பொழுதில்' என்று அழகாக ஆரம்பித்தது. அந்த அழகில் மயங்கி நானும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். தப்பு யாருடையது? மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது நான். அதிலேயே பதில் இருக்கிறது.

'மதுரை' என்று சொல்லி நான் நிறுத்தினால், உங்களில் பாதிப் பேர் 'மல்லி' என்பீர்கள், மீதிப் பேர் 'மீனாட்சி' என்பீர்கள். யாரும் யோசிப்பதில்லை, கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் தானாகச் சொல்கிறது. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும் அதன் பின்னால் வந்தவையும் செய்வது ஏறக்குறைய இதைத்தான். மலை மலையாக எழுத்துகளைப் படித்துவிட்டு, இந்தச் சொல்லுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கில் சரளம் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கூச்சம்தான் குறைவு.

ஒரு நாள் பேத்தியின் பேச்சுப் போட்டிக்காக, வட்டி வாங்குவதைக் கண்டிக்கும் குறள் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். வங்கிக்காரன் புத்தி, வேறென்ன. எண்ணோடு இரண்டு அடி வந்தது. எதுகை பிரமாதம். ஆனால் இரண்டாவது அடியில் 4 சீர்! குறளின் இரண்டாம் அடிக்கு 3 சீர்தான் என்பது பள்ளிக்கூடப் பாடம். புத்தகத்தைப் புரட்டினால், அந்த எண்ணில் வேறு குறள் இருக்கிறது. 'இது தப்பு' என்றேன். பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு பொய்க் குறளைத் தந்தது.

கடன் கேட்டு வருகிறவர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்று வங்கியில் நாங்கள் மயங்குவதில்லை. ஜாமீன் யார் போடுகிறார்கள் என்று கேட்போம். இயந்திரத்தின் பதிலையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். விழித்திரைப் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கும் நிரலைக் கூகுள் உருவாக்கியபோது, படங்கள் தந்து உதவிய மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. 2016ல் வெளியான அந்த ஆய்வில் பயிற்சிக்குப் பயன்பட்டவை சுமார் 1,28,000 படங்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது 3 மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்திருந்தார்கள். கவனியுங்கள், அங்கே ஜாமீன் இருக்கிறது. கண் மருத்துவர் இல்லாத ஊரில்கூட ஒரு கேமராவை வைத்து, யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று இப்படிப் பிரித்துவிட முடியும் என்றால், அதை நான் வேண்டாம் என்பேனா? ஆனால் அதே நம்பிக்கையில், மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று செல்போனிடம் கேட்பது வேறு கதை. அங்கே கையெழுத்துப் போட யாரும் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் என் மதினி இருக்கிறார். அண்ணன் காலமான பிறகு பட்டா பெயர் மாற்ற மனு எழுத வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதித் தருகிறவரிடம் போகவில்லை. போனில் உள்ள செயற்கை நுண்ணறிவிடம் பேசினார், மனு தயார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. 'எனக்காக ஒருத்தர் எழுதணும்னு காத்துக்கிடக்க வேண்டாம்ல' என்று அவர் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்தச் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் மனுவில் சர்வே எண் இருந்தது, உட்பிரிவு எண் விட்டுப்போயிருந்தது. உட்பிரிவு இல்லையென்றால் எந்தத் துண்டு நம்முடையது, எது பங்காளியுடையது? இப்போதெல்லாம் எண்களை மட்டும் பேரனை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பத்திரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

அப்புறம் பணம். சில விநாடிக் குரல் பதிவு கிடைத்தால் போதும், உங்கள் மகன் குரலிலேயே 'அப்பா, ஆக்சிடென்ட், உடனே பணம் அனுப்புங்க' என்று பேச வைக்க முடிகிறது. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ அழைப்பில் மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. ஆதாரையும் பாஸ்புக்கையும் படம் எடுத்து 'இதைப் படித்துச் சொல்' என்று கண்ட செயலியில் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது, வீட்டுக்குள் மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரம் என்று யார் குரலில் போன் வந்தாலும் முதலில் அதைக் கேளுங்கள். எங்கள் வீட்டுக் கேள்வி எது என்று முன்வரிசையில் ஒருவர் சைகையில் கேட்கிறார். ஐயா, முன்னால் மைக் இருக்கிறது, இரண்டு பேர் வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொன்னால் ராத்திரி எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. வணக்கம்.