வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும்: ஒரு சிறு நகரத்தின் 30 ஆண்டுக் கணக்கு

[திரையில்: ஒரு நகராட்சியின் வரைபடம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் மட்டும் நீல நிறத்தில் ஒளிர்கின்றன.]

வணக்கம். ஒரு லட்சம் பேர் வாழும் நகராட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதாள சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வழங்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டி நூல் வகுத்திருக்கும் அளவு. அந்தக் கணக்குப்படி தினமும் 1 கோடியே 35 லட்சம் லிட்டர் ஊருக்குள் வர வேண்டும். அதில் சுமார் 80 விழுக்காடு குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி, கழிப்பறையில் ஊற்றியபின் கழிவுநீராக வெளியேறும். அதாவது தினமும் 1 கோடியே 8 லட்சம் லிட்டர்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டும்போது முதல் எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவது எண்ணை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆனால் ஊருக்குள் கூடுதலாக ஒரு லிட்டர் வந்தால், கூடுதலாக முக்கால் லிட்டருக்கு மேல் கழிவுநீர் உண்டாகும். அதற்கு வழி செய்யாவிட்டால் அது தெருவோரச் சாக்கடையில் தேங்கும். அங்கிருந்து வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போகும். கடைசியில் நிலத்தடி நீரில் கலந்து நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பி வரும். குடிநீர், கழிவுநீர், மழைநீர் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிடாத ஊர், ஒரே சாலையை மூன்று முறை தோண்டும்.

[திரையில்: வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் தோன்றுகின்றன. ஊரின் தாழ்ந்த மூலை சிவப்பாகிறது.]

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? கடைசியிலிருந்து. கழிவுநீர் எங்கே போய்ச் சேரப்போகிறது, சுத்திகரித்த தண்ணீர் யாருக்குப் பயன்படப்போகிறது, மழைநீர் எந்த ஓடையில் அல்லது ஏரியில் இறங்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். குழாய் அங்கிருந்து பின்னோக்கி வீட்டு வாசல் வரை வர வேண்டும்.

ஏனென்றால் கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடுவதில்லை, சரிவால் ஓடுகிறது. தெருமுனையில் ஒருவர் முக்காலியின் மேல் மட்டக் கருவியை வைத்துக் குனிந்து பார்க்க, இன்னொருவர் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட நீண்ட அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தலையெழுத்து என்று ஒன்று திட்டத்துக்கு இருந்தால், அதை அவர்கள்தான் அங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் பதிக்கும் சிறிய குழாய்க்குக் கிலோமீட்டருக்கு 4 மீட்டர் சரிவு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு தட்டையாக இருக்கும் ஊரில், ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் குழாய் 6 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்குப் பள்ளம்! நிலத்தடி நீர் ஊறும் மண்ணில், பழைய வீடுகளின் அஸ்திவாரத்தை ஒட்டி, அவ்வளவு ஆழம் தோண்டுவது ஆபத்து. அதனால் ஓர் இடத்தில் நிறுத்தி, நீரேற்று நிலையம் கட்டி, மோட்டார் வைத்துக் கழிவுநீரை மேலே ஏற்றி, மறுபடியும் சரிவில் விடுகிறார்கள்.

கட்டும் நாளில் ஒரு நீரேற்று நிலையம் பெரிய செலவாகத் தெரியாது. ஆனால் அதன் மின்கட்டணத்தை அந்த ஊர் என்றென்றைக்கும் கட்ட வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் நின்றால் கழிவுநீர் தாழ்வான தெருக்களில் பொங்கும். சரிவைக் கவனித்துப் பாதையைக் கொஞ்சம் மாற்றினால் ஒரு நிலையத்தையே தவிர்க்க முடியும். மட்டம் பார்க்கும் வேலையில் ஒரு மாதத்தை மிச்சப்படுத்துகிற ஊர், 30 ஆண்டுகளுக்கு மின்கட்டணம் கட்டி அதை ஈடுசெய்கிறது.

30 ஆண்டு என்பது வாய்க்கு வந்த கணக்கல்ல. குழாய்களை 30 ஆண்டுக்குப் பின் இருக்கப்போகும் மக்கள்தொகைக்கும், மோட்டார்களை 15 ஆண்டுக்கும் வடிவமைப்பது வழக்கம். தெருவுக்கடியில் கிடக்கும் குழாயை நினைத்தபோது மாற்ற முடியாது, மோட்டாரை மாற்றலாம். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பல ஊர்களின் மதிப்பீடு 2011-ஆம் ஆண்டு எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது. சொத்துவரிப் பதிவுகளையும் வீட்டு மின் இணைப்புகளையும் வைத்து அதைச் சரிபார்ப்பது கட்டாயம். ஊர் எந்தத் திசையில் வளர்கிறது என்பதை மனைப்பிரிவு அனுமதிகள் சொல்லிவிடும்.

[திரையில்: குழாயின் குறுக்குவெட்டு. அடியில் மெல்லிய நீரோட்டம்.]

இப்போது பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு. கழிவுநீர்க் குழாய் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டுமானால், நாளில் ஒரு முறையாவது அதில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓட வேண்டும். அந்த வேகத்தில்தான் மணலும் மலமும் அடியில் படியாமல் அடித்துச் செல்லப்படும். குழாயை ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டுப் பதித்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஆளுக்கு 50 லிட்டர் என்று குடிநீர் விட்டால் என்ன ஆகும்? பெரிய குழாயின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தயங்கித் தயங்கி நகரும். அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், அதன் மேல் மணல் படியும், அதன் மேல் துணி, முடி, பிளாஸ்டிக் உறை. சில மாதங்களில் அடைப்பு. திட்டம் தோற்றது என்று மக்கள் சொல்வார்கள். தோற்றது குடிநீர் விநியோகம். பழி பாதாள சாக்கடைக்கு.

விட்டு விட்டு வரும் விநியோகத்தில் இன்னொரு கேடும் உண்டு. குடிநீர்க் குழாயில் தண்ணீர் நின்ற நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்காது. விரிசல் இருந்தால் வெளியிலிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். மறுநாள் காலை குழாயைத் திறந்ததும் முதல் குடத்தில் வருவது அதுதான். குடிநீர்க் குழாய் மேலேயும், கழிவுநீர்க் குழாய் அதிலிருந்து விலகிக் கீழேயும் இருக்க வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான்.

[திரையில்: சென்னையின் தெற்கு எல்லை. ஆலந்தூர்.]

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், வீடுகள் இணையாவிட்டால் குழாய் வெறும் குழாய்தான். இந்த இடத்தில் ஆலந்தூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை ஆலந்தூர் தனி நகராட்சி. 2001-இல் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். வீடுகளில் செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரி, லாரி எங்கே கொட்டியது என்பதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. 1996-இல் உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, அப்போதைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதியின் காலத்தில், பாதாள சாக்கடைத் திட்டம் கையில் எடுக்கப்பட்டது.

நகராட்சி செய்த முதல் வேலை, மக்களிடம் போனது. இந்தத் திட்டம் உங்களுக்கு வேண்டுமா, அதற்குப் பணம் தருவீர்களா என்று வீடு வீடாகக் கருத்துக் கேட்டார்கள். குடியிருப்புக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடங்களுக்கு 10,000 ரூபாய் என்று வைப்புத் தொகை. 1990-களின் கடைசியில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்பது சிறிய தொகையே அல்ல. ஒரு குழாய்கூடப் பதிக்கப்படாத நிலையில், அரசு அலுவலகத்தை நம்பி அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டன. மக்கள் கட்டினார்கள்.

அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வைப்புத் தொகை கட்டிய குடும்பம், தன் வாசலுக்குக் குழாய் எப்போது வரும் என்று வாரா வாரம் கேட்கும். வந்ததும் இணைந்துவிடும். பல ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது: குழாய் பதித்து முடித்தபிறகு, இணைப்பு வாங்குங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆலந்தூரில் பணிகள் 2000-இல் தொடங்கின. சுமார் 120 கிலோமீட்டர் குழாய் வலை. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம். அந்த நிலையத்தை ஒரே மூச்சில் கட்டவில்லை. நாளொன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள பகுதிகளாகப் பிரித்தார்கள். இணைப்புகள் பெருகப் பெருக அடுத்த பகுதி. தனியார் நிறுவனம் தன் பணத்தில் கட்டி, இயக்கி, சுத்திகரித்த அளவுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நிலையத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வீடுகளுக்கு மாதக் கட்டணமும் முன்கூட்டியே பேசி முடிவானது. அதாவது கட்டும் செலவோடு, நடத்தும் செலவுக்கும் முதல் நாளிலேயே விடை இருந்தது. என் மதிப்பீட்டில் ஆலந்தூரின் பெரிய சாதனை இதுதான்.

ஒரு கேள்வி எழும்: கட்ட முடியாத ஏழைக் குடும்பங்கள்? அங்கே நகராட்சி கைகொடுக்க வேண்டும். தவணையோ, மானியமோ, எதுவாக இருந்தாலும் அது திட்ட அறிக்கையிலேயே தனித் தலைப்பில் தொகையோடு இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட குடும்பங்களின் கழிவுநீர்தான் திறந்த சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும்.

[திரையில்: மழை. ஒரு மேன்ஹோல் மூடி மெல்ல உயர்கிறது.]

இனி மழை. இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேர் பரப்பில் 200 பேர் வாழ்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அவர்களுடைய ஒரு நாள் கழிவுநீர் சுமார் 21,600 லிட்டர். அதே பரப்பில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் 5 லட்சம் லிட்டர். கான்கிரீட்டும் தாரும் மூடிய நெருக்கமான பகுதியில் அதில் 70 விழுக்காடு ஓடிவரும்: 3 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். அதாவது 16 நாள் கழிவுநீர், ஒரே மணி நேரத்தில்.

மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கக்கூடாது என்று சொல்வதன் காரணம் இந்த எண்தான். தெருவில் பத்து வீடுகள் அப்படி இணைத்துவிட்டால், ஐப்பசி மழையில் தாழ்வான வீட்டின் கழிப்பறையிலிருந்து சாக்கடை மேலே வரும். மாடித் தண்ணீர் போக வேண்டிய இடம் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-இலேயே தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். குழிகள் இன்னும் இருக்கின்றன. பலவற்றில் மணலும் குப்பையும் மூடிக்கிடக்கின்றன.

எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் எல்லா மழையையும் அது தாங்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரிக்கு ஏறத்தாழ இணையான மழை, ஒரே நாளில், ஒரு நகராட்சியின் தலையில். அதற்கேற்ற கான்கிரீட் வடிகாலை எந்த ஊரும் கட்ட முடியாது. தண்ணீர் தங்க இடமும், விலகிப்போகப் பாதையும்தான் காப்பாற்றும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு மறுகால் பாயும் ஏற்பாட்டை நம் ஊர்கள் நூற்றாண்டுகளாக அறிந்திருக்கின்றன. தஞ்சாவூரில் செவ்வப்ப நாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீரை நிலத்தடிக் கால்வாய் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே மழைநீர் வடிகால் திட்டத்தின் முதல் ஆவணம், நில எல்லைகளைக் காட்டும் வருவாய்த் துறையின் புலப்படம். ஓடைப் புறம்போக்கு எங்கே, அதன் மூல அகலம் எவ்வளவு, இப்போது எவ்வளவு மிச்சம் என்று பார்த்த பிறகுதான் கான்கிரீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

[திரையில்: குறுகிய சந்து. நடுவில் ஒரு மேன்ஹோல்.]

இந்தச் சந்தைப் பாருங்கள். அகலம் ஆறடி. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல் வைக்க வேண்டும் என்பதால் இங்கே நடுவில் ஒன்றை வைத்துவிட்டார்கள். அடைப்பெடுக்கும் இயந்திர வண்டி இதற்குள் வராது. அப்படியானால் அடைப்பு வந்த நாளில் என்ன நடக்கும்? ஒரு மனிதரைக் கூப்பிடுவார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். ஒன்றிரண்டு மூச்சில் ஆள் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மரணம் நடந்தபின் வழங்கும் தொகை அது. மரணத்தைத் தடுக்க வேண்டியது வரைபட மேசையில். இயந்திரம் வரமுடியாத சந்துக்கு ஆழமற்ற சிறு குழாயும், மேலிருந்தே கம்பி விட்டுச் சுத்தம் செய்யக்கூடிய சிறு அறைகளும் போதும். அந்த மாற்றத்தைச் செய்யாத வரைபடத்தில் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடக்கூடாது.

வேலை வரிசை சுருக்கமாக: ஆழத்தில் இருப்பது முதலில். கழிவுநீர்க் குழாய், வீட்டு இணைப்புக் குழாய் வாசல் வரை, பிறகு குடிநீர்க் குழாய், பிறகு மழைநீர் வடிகால், எல்லாம் சோதித்தபின் சாலை. சாலை முதலில் வந்துவிட்டால் மற்றவை எல்லாம் வெட்டும் ஒட்டுமாகவே இருக்கும்.

2022-இலிருந்து தமிழ்நாட்டின் நகரங்களில் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் அமைக்க விதிகள் இருக்கின்றன. உங்கள் வார்டுக் கூட்டத்தில் பாதாள சாக்கடையோ கூட்டுக் குடிநீரோ பேசப்பட்டால், மூன்று தாள்களைக் கேளுங்கள்: ஊரின் மட்ட வரைபடம், திட்டம் முடியும் ஆண்டில் எதிர்பார்க்கும் வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கை, முதல் ஐந்தாண்டுகளின் இயக்கச் செலவும் அது எங்கிருந்து வரும் என்ற விவரமும். மூன்றும் கிடைத்தால் உங்கள் தெருவை அந்த மட்ட வரைபடத்தில் தேடிப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். அது மழைக்காலத்தில் நீங்கள் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை என்றால், அங்கேயே எழுந்து நின்று சொல்லிவிடுங்கள்.