கருப்பட்டி, தேன், சீனித்துளசி: சுகர் இருப்பவர்களின் அடுக்களையில் எதற்கு இடம்?

வணக்கம். இன்று என் அடுக்களை மேசையில் ஐந்து பொருள்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கருப்பட்டி, இரண்டு அச்சு வெல்லம், ஒரு புட்டித் தேன், ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு, மாடித் தொட்டியிலிருந்து காலையில் பறித்த சீனித்துளசி, அதாவது ஸ்டீவியா இலைகள். பக்கத்தில் சமையல் தராசும், இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரும் இருக்கின்றன. சீனியை நிறுத்திவிட்டோம், அதற்குப் பதிலாக எதைச் சேர்ப்பது என்று உங்களில் பலர் தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். அதைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப் போகிறேன். எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

நான் பிறந்தது உடன்குடிப் பக்கம். எங்கள் ஊரில் கருப்பட்டி என்பது வெறும் இனிப்பு கிடையாது; பிள்ளை பெற்றவளுக்கும் பூப்பெய்திய பெண்ணுக்கும் கொடுக்கிற மருந்து அது. அதனால் சுகர் வந்தவுடன் நான் செய்த முதல் காரியம், சீனி டப்பாவைக் காலி செய்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை கருப்பட்டிக் காபி குடிக்கத் தொடங்கியதுதான். நல்லதைச் செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையுடன் ஏழு மாதங்கள் குடித்தேன். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் எனக்கு 7.1 ஆக இருந்த அளவு, அந்த ஏழு மாதங்களின் முடிவில் 8.4 ஆகிவிட்டிருந்தது. உணவில் வேறு எதையும் நான் மாற்றியிருக்கவில்லை.

இந்தக் கருப்பட்டியைக் கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். அடிப்பக்கம் உருண்டையாகவும் மேல்பக்கம் தட்டையாகவும் இருப்பதைப் பாருங்கள். பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆற வைப்பதால் வருகிற வடிவம் இது. பனையிலிருந்து இறக்கும் சாறு புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் பதநீரை எட்டு முதல் பத்து லிட்டர் வரை காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். காய்ச்சும்போது ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். சாற்றில் இருந்த சர்க்கரை முழுவதும் இந்தச் சிரட்டைக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தச் சர்க்கரையின் பெயர் சுக்ரோஸ். கரும்பிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சீனியும் சுக்ரோஸ்தான். குடலுக்குள் போனதும் இரண்டும் ஒரே மாதிரி உடைந்து, பாதி குளுக்கோஸாகவும் பாதி பிரக்டோஸாகவும் மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பத்தில் ஏழு, எட்டுப் பங்கு சுக்ரோஸ்; மீதியில் ஈரப்பதம், கொஞ்சம் தாது உப்புகள், அந்த நிறத்தையும் மணத்தையும் தருகிற பொருள்கள். பனங்கற்கண்டோ கிட்டத்தட்ட முழுவதும் சுக்ரோஸ் படிகமே. ஒரு டம்ளர் காபிக்குப் போடுகிற துண்டில் இருக்கும் இரும்புச்சத்து மிகச் சிறிய அளவு. அதற்காக அந்தச் சர்க்கரையை ஏற்றுக்கொள்வது நமக்குக் கட்டுப்படியாகாது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு மனம் ஒப்பாது என்று எனக்குத் தெரியும், எனக்கும் ஒப்பவில்லை. ஆகையால் நானே அளந்து பார்த்தேன். மூன்று சனிக்கிழமைகளில், காலையில் வெறும் வயிற்றில் அளவெடுத்துவிட்டு, ஒரே அளவு பாலில் காபி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தேன். முதல் வாரம் 15 கிராம் சீனி. இரத்தச் சர்க்கரை 116 மி.கி./டெ.லி. இருந்தது 174 ஆயிற்று. இரண்டாம் வாரம் 15 கிராம் கருப்பட்டி. 118 இருந்தது 171 ஆயிற்று. மூன்றாம் வாரம் சீனித்துளசித் தூள். 120 இருந்தது 131 ஆயிற்று, அந்தச் சிறு ஏற்றம் பாலில் உள்ள சர்க்கரையால் வந்தது. வீட்டு மீட்டர்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து வரை கூடக் குறையக் காட்டும் வரம்பு தரநிலையிலேயே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. எனவே 174க்கும் 171க்கும் உள்ள வேறுபாட்டை வேறுபாடாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஒருத்தியின் உடம்பில் மூன்று நாள் எடுத்த கணக்கு மட்டுமே. உங்கள் உடம்பின் கணக்கை உங்கள் மீட்டர்தான் சொல்ல வேண்டும், அதற்கு ஆகும் செலவு சில ஸ்ட்ரிப்புகள்தான்.

தேனுக்கு வருகிறேன். நூறு கிராம் தேனில் சுமார் 80 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் பிரக்டோஸ் 38 கிராமை ஒட்டியும் குளுக்கோஸ் 31 கிராமை ஒட்டியும் இருக்கும். பிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குள் போய்விடுவதால் மீட்டரில் உடனே தெரிவதில்லை. அதனால்தான் தேன் சீனியைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏற்றுவதாகத் தோன்றும். ஆனால் மிகையான பிரக்டோஸ் கல்லீரலில் கொழுப்பாகவும், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாகவும் மாறுகிறது. சுகர் உள்ளவர்களில் பலருக்குக் கல்லீரல் கொழுப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் எடை நிற்கும், அதில் 17 கிராம் சர்க்கரை. வெந்நீரில் தேன் கலந்து தினமும் குடிப்பவர்கள் அந்தக் கரண்டியை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் தான் குறைக்கச் சொல்லும் சர்க்கரைகளின் பட்டியலில் தேனைச் சீனியுடன் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. தென்னஞ்சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, கடையில் விற்கும் பேரீச்சம்பழப் பாகு ஆகியவற்றுக்குத் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. அவையும் இந்தக் கணக்கில்தான் வரும். பேரீச்சம்பழத்தைப் பழமாகவே ஒன்றிரண்டு சாப்பிட்டால் நார்ச்சத்தாவது மிஞ்சும்.

மீதி இருப்பது இந்த இலை. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டால் முதலில் பச்சிலை வாசம், அடுத்து அதிமதுரம் போன்ற நீண்ட இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு. தென்னமெரிக்காவில் பராகுவேப் பகுதியில் வாழும் குவாரானி மக்கள் நெடுங்காலமாகத் தங்கள் தேநீரில் இதைச் சேர்த்து வந்தவர்கள். இதிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்டீவியால் கிளைகோசைடு சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். அதை உடம்பு குளுக்கோஸாக மாற்றுவதில்லை. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இதற்கு அனுமதி அளித்தது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் வரை பாதுகாப்பானது என்பது பன்னாட்டு வரம்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதை இனிப்புக் கணக்கில் சொன்னால் 100 கிராம் சீனியைத் தாண்டிவிடும், காபி, தேநீரில் அந்த அளவை நாம் எட்டப் போவதில்லை.

ஆனால் பொட்டலத்தை நம்பி ஏமாந்த கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பக்கம் பச்சை இலையும் ‘இயற்கை ஸ்டீவியா’ என்ற எழுத்துமாக இருந்த ஒரு தூளை இரண்டு மாதம் பயன்படுத்தினேன். மீட்டர் இறங்கவே இல்லை. பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, உட்பொருள்களில் முதலாவதாக இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்திலிருந்து வருவது. சீனியைவிடவும் வேகமாகக் குளுக்கோஸை ஏற்றக்கூடியது. உட்பொருள்களை எடையில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தித்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. எனவே முதல் இரண்டு பெயர்களைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் வாங்காதீர்கள். எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது சுகரை ஏற்றாது. ஆயினும் இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நான் அதைத் தவிர்த்துவிட்டேன். சீனாவின் துறவிப் பழம் (மாங்க் ஃப்ரூட்) என்று விற்கப்படும் இனிப்பூட்டியும் பெரும்பாலும் இந்த எரித்ரிட்டாலுடன் கலந்துதான் வருகிறது.

அதே 2023இல், உடல் எடையைக் குறைப்பதற்காகச் சீனியில்லா இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்தச் செய்தியைப் பகிர்ந்த பலர் இந்த வரியை விட்டுவிட்டார்கள்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், காலைக் காபியில் சீனித்துளசி, மாலைத் தேநீரில் எதுவும் இல்லை. இனிப்பில்லாத தேநீருக்கு நாக்கு பழக ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று. பொங்கலன்று மட்டும் கருப்பட்டியை 10 கிராம் நிறுத்து எடுத்து, அன்றைய சோற்றின் அளவில் அதற்கு ஈடு செய்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உயிரோடு தொடர்புடையது என்பதால் அழுத்தமாகச் சொல்கிறேன். என் அப்பா சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவர். ஒரு நாள் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலை உணவைத் தள்ளிப்போட்டவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது; அளந்தால் 62. பதறிப்போன அம்மா எலுமிச்சைச் சாறு கலக்கிக் கொடுத்தார், ஆனால் வீட்டில் சீனியே இல்லாததால் அதில் போட்டது சீனித்துளசி. கால் மணி நேரம் கழித்து அளந்தபோது 60. பக்கத்து வீட்டிலிருந்து சீனி வாங்கி வந்து கரைத்துக் கொடுத்த பிறகுதான் 94க்கு ஏறினார். அளவு 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அந்த நேரத்தில் சீனித்துளசியால் எந்தப் பயனும் இல்லை. குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்தும் வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சீனியும் கருப்பட்டியும்கூடத் தாமதமாகத்தான் வேலை செய்யும் என்பதால், அவர்கள் குளுக்கோஸ் பொடியையே வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஃபிரிட்ஜின் மேலே ஒரு சிறிய டப்பாவில் சீனி இருக்கிறது. காபிக்கு அதை யாரும் தொடுவதில்லை. ‘மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீர்’ என்று அப்பாவே தம் கையால் எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறார்.