ஆற்றுத் தண்ணீரும் தேரிப் பதனியும்

வணக்கம் நேயர்களே.

திருநெல்வேலி ஜங்ஷனில் காலையில் வந்து இறங்குகிறார்கள். நெல்லையப்பரைக் கும்பிடுகிறார்கள். ஒரு கிலோ அல்வாவைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, ராத்திரி ரயிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போங்களேன் என்று கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். மேற்கே பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து கிழக்கே கடலோரம் உடன்குடி வரை சாலை வழியாக ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான். அதற்குள் மலை இருக்கிறது, நஞ்சை வயல் இருக்கிறது, கடல் இருக்கிறது, மழையே எட்டிப் பார்க்காத செம்மணல் மேடும் இருக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இலையில் விழுகிற சாப்பாடு மாறிவிடும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். பிழைப்பு கோயம்புத்தூரில். போன பங்குனியில் லீவு போட்டு, பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் அந்த வழியாகப் போய்வந்தேன். கார் வைத்துக்கொள்ளவில்லை, எல்லாம் டவுன் பஸ்தான். பஸ்ஸில் போனால்தான் கூடை வைத்திருக்கிற அம்மாவிடம் "அதுல என்ன இருக்கு?" என்று கேட்க முடியும்.

முதல் நாள் பாபநாசம். அகஸ்தியர் அருவியில் பங்குனி வெயிலிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மகள் இரண்டு கையிலும் அள்ளிக் குடித்துவிட்டு, "நம்ம சிறுவாணித் தண்ணி மாதிரியே இருக்குப்பா" என்றாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை அதைவிடப் பெரிதாக ஒரு தண்ணீரைப் பாராட்ட முடியாது.

தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்குக் காரணம் அது பிறக்கிற பொதிகை மலையின் இருப்பிடம். தென்மேற்குப் பருவமழையும் அங்கே பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். அதனால் கீழே இரண்டு போகம். கார் என்று ஒன்று, பிசானம் என்று ஒன்று. எங்கள் பக்கத்து விவசாயிகள் குறுவை, சம்பா என்று சொல்வதில்லை. "கார் நட்டாச்சா, பிசானம் அறுத்தாச்சா" என்றுதான் விசாரிப்பு. மலையிலிருந்து இறங்கிய ஆறு புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. பஸ் ஜன்னலில் உட்கார்ந்தால் பாதி தூரம் கால்வாய்தான் நம் கூடவே வரும்.

இந்தத் தண்ணீர் நெல்லை மட்டும் விளைவிக்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் உளுந்து மாவைப் பிசைந்து அப்பளம் இடுகிறவர்களிடம் கேளுங்கள், ஆற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் இந்தப் பதம் வராது என்பார்கள். பத்தமடையில் கோரைப் புல்லைக் காயவைத்து, மெல்லிசாகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப் போட்டு, மறுபடி காயவைத்துப் பாய் நெய்கிறார்கள். அதில் உயர்ந்த ரகத்தைத் தொட்டுப் பார்த்தால் புல் என்று நம்ப முடியாது, பட்டுத் துணி மாதிரி மடியும். கல்யாணத்துக்கென்று சொன்னால் மாப்பிள்ளை, பெண் பெயரையும் சேர்த்து நெய்து கொடுப்பார்கள். மகள் ஒரு பாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள்.

திருநெல்வேலி டவுனில் என் பெரியம்மை வீடு. நாங்கள் போன அன்று சொதி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுச் சொதி இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் வைக்கிற விருந்துக் குழம்பு இது. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்கறிகள், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முருங்கைக்காய் எல்லாம் மூன்றாம் பாலில் வேகும். அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும் அதிலேயே போகும். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு சேரும். பிறகு இரண்டாம் பால். முதல் பாலை ஊற்றியதும் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். புளி கிடையாது. இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம்.

பெரியம்மை அடுப்பை விட்டு நகரவே இல்லை. "ஏட்டி, பாத்துக்க. பால ஊத்திட்டு போன் பேசப் போனியோ, போச்சு" என்று என் மகளிடம் சொல்லிக்கொண்டே கரண்டியை மெல்லச் சுற்றினார். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அது ருசிக்காக மட்டும் இல்லை. அத்தனை தேங்காய்ப் பாலும் செரிக்க வேண்டுமே. தேங்காயும் நெல்லும் வீட்டு முற்றம் வரை வந்து கிடக்கிற ஊரில்தான் இப்படி ஒரு குழம்பு பிறக்கும்.

மறுநாள் உளுந்தஞ்சோறு. தோல் நீக்காத கறுப்பு உளுந்தை வறுத்து உடைத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காயோடு வேகவைப்பது. எள்ளுத் துவையல்தான் ஜோடி. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தால் இடுப்புக்குப் பலம் என்று இதைத்தான் ஆக்கிப் போடுவார்கள்.

அல்வாவைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்துத் தெளியவைத்து, சீனியும் நெய்யும் சேர்த்துக் கை ஓயாமல் கிண்டுவது. கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடையில் சாயங்காலம்தான் விற்பனை. பொட்டலத்தை ஊருக்குக் கொண்டுபோவது இருக்கட்டும். கடைவாசலில் நின்று, சூட்டோடு, இலைத்துண்டில் வாங்கி வாயில் போட்டுப் பாருங்கள். அந்த அல்வா வேறு.

நெல்லையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆதிச்சநல்லூர். செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்காலத்து இடுகாடு. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டிப் பார்த்தார். 1899 முதல் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளுக்குள் எலும்போடு இரும்பு, வெண்கலப் பொருள்கள் கிடைத்தன, நெல் உமியும் கிடைத்தது. இப்போது அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நின்று கீழே தாழிகளைப் பார்க்கலாம். முந்தின நாள் பெரியம்மை வீட்டில் சோறு தின்ற வயிறோடு அந்த உமியை நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. செத்தவர்களுக்கும் நெல்லைக் கொடுத்து அனுப்பிய ஆற்றங்கரை இது.

அந்த ஆறு கோபப்பட்டதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய்ப் பயணிகள் நாள்கணக்கில் தவித்தார்கள். ஆற்றங்கரை வாழைத் தோட்டங்கள் மண்ணோடு போயின. நாங்கள் போனபோது அதே இடங்களில் வாழை குலை தள்ளி நின்றது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர், "தண்ணி எடுத்துக்கிட்டுப் போச்சு, வண்டலக் குடுத்துட்டுப் போச்சு" என்றார். அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆத்தூரில் இறங்கினோம். வெற்றிலைக்குப் பேர்போன ஊர், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெயில் வெளியே நின்றுவிடும். அகத்தி மரத்தில் கொடி ஏறியிருக்கும், கால் வைக்கிற இடமெல்லாம் ஈரம். இங்கே ஒரு சங்கதி. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் பற்றி, அதாவது இன்றைய பழையகாயலைப் பற்றி, எழுதியிருக்கிறார். ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதைச் சொல்கிறார். இந்த ஊர்க்காரர்கள் எப்போதும் வாயில் ஓர் இலையை மென்றுகொண்டே இருக்கிறார்கள், அதன் பெயர் 'தெம்பூல்' என்றும் எழுதுகிறார். தாம்பூலம்தான்! குதிரை வணிகம் முடிந்தது, துறைமுகம் தூர்ந்து கடல் விலகிப்போனது. பழையகாயலுக்குப் பக்கத்திலேயே வெற்றிலைக் கொடி மட்டும் இன்னும் தளிர் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டேன்.

காயல்பட்டினத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணம். சகன் என்று சொல்கிற பெரிய தட்டில் நெய்ச்சோறு வரும், ஒரே தட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஆவியில் வேகவைத்த வட்டிலப்பம் கடைசியில். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் இதே பலகாரம் உண்டு. இரண்டு கரைக்கும் எத்தனை தலைமுறைப் போக்குவரத்து!

தூத்துக்குடி மக்ரூனுக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் இந்தத் தடவை நேரமில்லை. கடலைமிட்டாய் கரிசல் மண்ணின் பிள்ளை, அதற்குத் தனியாகப் போக வேண்டும்.

கடைசி நாள் உடன்குடி. தாமிரபரணி இங்கே ஓடவில்லை. ஊரைத் தாண்டினால் தேரி. இரும்புச் சத்து ஏறி ரத்தச் சிவப்பாகக் கிடக்கிற மணல் மேடுகள். ஆடிக் காற்றில் மணல் இடம் மாறும், நேற்றுப் போன தடம் இன்றைக்கு இருக்காது. உடைமரமும் பனையும் நிற்கின்றன. நெல்லும் தேங்காயும் தராத இந்த மண் தருகிற ஒரே பால் பனம்பாளையில்தான் இருக்கிறது. அங்கே அதைப் பதநீர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பதனி.

காலை ஆறரை மணிக்கு ஒரு பனையேறி அண்ணாச்சி மரத்திலிருந்து இறங்கினார். இடுப்பில் பாளை அரிவாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"எங்கேருந்து வாறிய?"

"கோயம்புத்தூர் அண்ணாச்சி. சொந்த ஊர் அம்பாசமுத்திரம்."

"அப்ப ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவுக. பிள்ளைக்கு மொதல்ல குடுங்க" என்று ஒரு பச்சை ஓலையை எடுத்து மடித்தார். நொடியில் பட்டை தயார். கலயத்திலிருந்து வடித்து ஊற்றினார். மகள் குடித்தாள். ஓலையின் பச்சை வாசம், சுண்ணாம்பின் லேசான காரம், அதற்கடியில் ஒரு தித்திப்பு. நிமிர்ந்து பார்த்து, "இன்னொண்ணு" என்றாள்.

சுண்ணாம்பில்தான் கைத்திறன் என்றார் அவர். கலயத்தின் உள்ளே தடவுவது குறைந்தால் பதனி புளித்துவிடும், கருப்பட்டி கட்டாது. கூடினால் ருசி கெடும். தினமும் இரண்டு தடவை ஏற வேண்டும். ஒரு நாள் பாளை சீவாமல் விட்டாலும் மரம் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். அவர் முப்பது மரம் ஏறுகிறார். மகன்கள் ஏறுவதில்லை.

பக்கத்தில் விடிலி. பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை. அவர் மனைவி காய்ந்த ஓலையை அடுப்பில் தள்ளித் தள்ளிப் பெரிய சட்டியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். புகையில் கண் சிவந்திருந்தது. எட்டுப் பத்து லிட்டர் பதனி வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பாகு பதம் வந்ததும் மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் சீனிப் பாகைக் கலந்து அதே பெயரில் விற்கிற கடைகளும் இருக்கின்றன. ஒருமுறை வேறொரு ஊரில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு துண்டைக் கடித்தபோதே வெறும் சீனியின் தித்திப்பு, பனையின் வாசமே இல்லை. அந்த அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்த பிறகு அது சின்ன ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. விலை கூடினாலும் விடிலியிலேயே வாங்குங்கள்.

பங்குனியிலிருந்து ஆடி வரை போகலாம். ஏழு மணிக்குள் தேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போனால் பதனி சட்டியில் ஏறியிருக்கும். குடிக்கக் கிடைக்காது.

நன்றி, வணக்கம்.