டானியலை இன்று வாசிப்பவர்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஈழத்து நாவலாசிரியர் கே. டானியல், சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தபோது, 1986ஆம் ஆண்டு மார்ச் மாதம் தஞ்சாவூரில் காலமானார். 'பஞ்சமர்', 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்' என்று யாழ்ப்பாணத்துச் சாதியக் கொடுமையை நாவல் நாவலாக எழுதிச் சென்ற அவரைப் பற்றி வாசகர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. தலித் இலக்கியத்தின் முன்னோடி என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை கலையாகவில்லை, பிரசாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எழுதிய காலம் முடிந்துவிட்டது, இனி அவை ஆவணம் மட்டுமே என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மறுப்புகளை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டானியலைத் தவறான அளவுகோலால் அளக்கின்றன என்று கருதுகிறேன்.

டானியல் அரசியலைத் தூரத்தில் நின்று பார்த்து எழுதியவர் அல்லர். பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று இலங்கையில் 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எனினும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுப்பது நிற்கவில்லை. கோயில் கதவுகளும் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும்தான் அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் டானியலும் ஒருவர். பள்ளர், நளவர், பறையர், வண்ணார், அம்பட்டர் ஆகிய ஐந்து சமூகத்தாரின் வாழ்வை ஒன்றாக வைத்துப் பேசும் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தபோது, அதில் சொல்லப்பட்ட போராட்டங்களின் சூடு ஊர்களில் இன்னும் ஆறியிருக்கவில்லை.

கலையாகவில்லை என்ற குற்றச்சாட்டுதான் மிகப் பழையது. அதிகம் திரும்பச் சொல்லப்படுவதும் அதுவே. அவருடைய மாந்தர்கள் ஆழமாக உருப்பெறவில்லை, ஒருவர் மனத்துக்குள் நாம் நீண்ட நேரம் இருக்க முடிவதில்லை, நிகழ்ச்சிகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன என்று தேர்ந்த வாசகர்கள் சொல்கிறார்கள். அவர்கள் காண்பது உண்மைதான். அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தனிமனிதன் தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியும் என்ற நிலையில் இருந்து எழுதப்படும் நாவலுக்கு அந்த மனிதனின் உள்ளமே களமாக அமையலாம். டானியல் எழுதிய மனிதர்களோ எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, எங்கே உட்காருவது, மேலுக்குத் துண்டு போடலாமா கூடாதா, இறந்தவரை எந்த வழியாக எடுத்துச் செல்வது என்பதைக்கூடத் தாமாக முடிவு செய்ய இயலாதவர்கள். அவர்களுடைய வாழ்வை ஒருவர் தனியே மாற்றிவிடவும் முடியாது. ஆகவே அந்த நாவல்களில் ஊரே பாத்திரமாகிறது. ஒருவர் முன்னே வந்து, தம் பங்கைச் செய்துவிட்டு, கூட்டத்துக்குள் திரும்பிவிடுகிறார். இது திறமைக் குறைவால் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. எடுத்துக்கொண்ட பொருள் கேட்ட வடிவம் அது.

அதிகாரம் பேச்சில் எப்படிக் குடியிருக்கிறது என்பதை அவர் எழுதியுள்ள விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். யார் யாரை 'நயினார்' என்று விளிக்கிறார், யார் பெயரைச் சொல்லி அழைக்கப்படுகிறார், எந்த வயதுக்காரர் எந்தச் சிறுவன் முன் எழுந்து நிற்கிறார் என்ற சின்ன விவரங்கள் அவருடைய பக்கங்களில் நிறைந்திருக்கின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு மொழியை இலக்கியத்தில் எழுதுவதே இழிவு என்று ஈழத்துப் பண்டிதர்கள் சிலர் வாதாடிய காலத்தில், அந்தப் பேச்சையே நாவலின் மூச்சாக்கினார் அவர். யாழ்ப்பாண வழக்குப் பழகாதவருக்கு முதல் ஐம்பது பக்கம் கடினமாகத்தான் இருக்கும். அதற்குப் பின் அந்தக் குரல்கள் காதில் கேட்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒரு குறை உண்டு. உயர்சாதி வீடுகளின் மறைவான உறவுகளையும் அவற்றால் பிறந்த பிள்ளைகளையும் கதைத் திருப்பங்களுக்காக அவர் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார். சாதித் தூய்மை என்பது பொய் என்று காட்டுவது அவர் நோக்கம் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பொய்யை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் பெண்களின் மீதே விழுகிறது. இளைய வாசகிகள் இதைச் சுட்டிக்காட்டும்போது, காலத்தைக் காரணம் காட்டி அவர்களுக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

வர்க்கப் போராட்டத்துக்குள் சாதியை அடக்கிவிட்டார் என்ற விமர்சனத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அவர் சீனச் சார்புப் பொதுவுடைமைக் கட்சியின் வழியில் நம்பிக்கை வைத்தவர். அந்த நம்பிக்கை நாவல்களில் தெரிகிறது. ஆனால் அவருடைய காட்சிகள் அவருடைய கோட்பாட்டைவிட அகலமானவை.

காலாவதியாகிவிட்டார் என்ற கருத்துதான் கவனமாக எதிர்கொள்ளப்பட வேண்டியது. ஆயுதப் போராட்டக் காலத்தில் சாதியைப் பேசுவது தமிழரைப் பிளவுபடுத்தும் செயலாகக் கருதப்பட்டதால், ஈழத்தில் டானியல் பற்றிய பேச்சு அடங்கிப்போனது. 1990களில் தலித் இலக்கியம் எழுந்து வந்த தமிழ்நாட்டில்தான் அவர் மீண்டும் விரிவாக வாசிக்கப்பட்டார். போரும் இடப்பெயர்வும் எல்லோரையும் ஒரே முகாமில் தள்ளிச் சாதியைக் கரைத்துவிட்டன என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறவர்களை நான் அறிவேன். அந்த நம்பிக்கைக்கு முகாம்களே மறுமொழி சொல்லின. 1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்குப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் காணியும் வசதியும் உள்ளவர்கள் படிப்படியாக வெளியேறிவிட, இருபது ஆண்டுகளுக்கு மேல் கொட்டில்களில் தேங்கி நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர். 2018இல் யாழ்ப்பாணத்தின் தென்மராட்சிப் பகுதியில் ஒரு கோயிலில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததையும், அந்தக் காட்சியையும் பலர் பார்த்திருப்பீர்கள். மாவிட்டபுரத்துக்கும் அந்தத் தேருக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள். டானியலை வாசித்தவருக்கு அந்தக் காட்சி அதிர்ச்சி தந்திருக்கலாம், புதிராக இருந்திருக்காது. உரிமை ஒன்றை மறுக்க முடியாமல் போகும்போது, அந்த உரிமைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும் தந்திரத்தை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்.

அவரைப் புதிதாக வாசிக்க விரும்பும் நேயர்கள் 'பஞ்சமர்' நாவலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 'கானல்' நாவலை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. சாதியிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நம்பிக் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், அங்கேயும் சாதி தமக்கு முன்பே வந்து அமர்ந்திருப்பதைக் காணும் கதை அது. டானியலின் கட்சி அரசியலோடு உடன்படாதவர்களும் அந்த ஏமாற்றத்தின் முன் தங்கள் சொந்த நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதை முடித்தபின் 'பஞ்சமர்' நாவலுக்கு வாருங்கள். அவர் ஏன் மதத்தை விட்டுப் போராட்டத்தின் பக்கம் நின்றார் என்பது அப்போது தெளிவாகும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.