சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எந்த மடக்குக் கத்தி? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய சந்தேகங்களில் ஒரு தந்தை கேட்டிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "வீட்டில் 3 வயதில் ஒரு பையனும் 6 வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். பயணத்தில் பழம் நறுக்கவும், மாடித் தோட்டத்தில் கயிறு, சாக்கு வெட்டவும் ஒரு மடக்குக் கத்தி வாங்க நினைக்கிறேன். பிள்ளைகள் கையில் கிடைத்தாலும் ஆபத்தில்லாத கத்தி எது? லாக் இருப்பது நல்லதா, இல்லாதது நல்லதா? பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்து வைப்பதா, காட்டிப் பழக்குவதா?"

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை கையில் கிடைத்தாலும் ஆபத்தில்லாத கத்தி என்று எதுவும் இல்லை. கொய்யாப்பழத்தை நறுக்குகிற கத்தி விரலையும் நறுக்கத்தான் செய்யும். ஆனால் 3 வயதுப் பிள்ளையால் திறக்க முடியாத கத்தி உண்டு. மூடும்போது விரலைக் கடிக்க வாய்ப்புக் குறைந்த கத்தியும் உண்டு. நீங்கள் கடையில் தேட வேண்டியது இவற்றைத்தான். எஃகின் தரம், கைப்பிடியின் நிறம், எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மடக்குக் கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது எவ்வளவு எளிதாகத் திறக்கிறது என்றுதான் பெரும்பாலும் பாராட்டுவார்கள். சிலவற்றில் அலகின் மேல் ஒரு குமிழோ துளையோ இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். வேறு சிலவற்றில் முதுகுப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் சிறு நாக்கை ஆள்காட்டி விரலால் அழுத்தினால் போதும், அலகு விருட்டென்று வெளியே வந்து நிற்கும். படகிலோ ஏணியிலோ ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் வேலை செய்கிறவருக்கு அது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. உங்கள் வீட்டில் அதே வசதி உங்கள் பையனுக்கும் கிடைத்துவிடும். ஆகவே ஒரு கையால் திறக்கும் கத்தி, பாதி திறந்தால் மீதியை ஸ்பிரிங்கே திறந்துவிடும் கத்தி, பட்டன் கத்தி ஆகிய எல்லாவற்றையும் விலை பாராமல் ஒதுக்கிவிடுங்கள். திறப்பதற்குக் கொஞ்சம் கடினமாக இருக்கிறது என்று மற்றவர்கள் குறை சொல்லும் கத்திதான் உங்களுக்கு ஏற்றது.

நம் தாத்தாக்கள் வைத்திருந்த பேனாக்கத்தியின் அமைப்பு அப்படிப்பட்டது. கைப்பிடியின் முதுகில் ஒரு வில்பட்டை இருக்கும். அது அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால், மூடிய அலகு தானாகத் திறக்காது, திறந்த அலகும் இலேசில் மடங்காது. திறக்க வேண்டுமானால் அலகின் பக்கவாட்டில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தை மாட்டி, மறுகையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் 1897-இல் பதிவு செய்த, ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியும், அதன் வழிவந்து இன்று விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் விற்கும், மூடிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள கத்திகளும் இந்த வகைதான். 3 வயதுப் பிள்ளையின் நகம் மெல்லியது. இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் இழுக்கவும் அந்த வயதில் வராது. உங்கள் பையனால் இதைத் திறக்க முடிவது மிகவும் அரிது.

இங்கே பலரும் தவறிவிடும் ஓர் இடம் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீடாயிற்றே, கத்தி சிறியதாக இருக்கட்டும் என்று சாவிக்கொத்தில் மாட்டும் 58 மில்லிமீட்டர் கத்தியை வாங்குவார்கள். சிறிய கத்தியில் வில்லும் அதற்கேற்ப இலகுவாகத்தான் இருக்கும்; பெரிய கத்தியைத் திறக்க முடியாத உங்கள் 6 வயது மகள் இதைத் திறந்துவிடக்கூடும். அதைவிட முக்கியமாக, அது தொங்குவது சாவிக்கொத்தில். அழுகிற குழந்தைக்கு வண்டிச் சாவியைக் கிலுக்கிக் காட்டிக் கையில் கொடுக்காத வீடு நம் ஊரில் உண்டா? இந்தச் சின்னக் கத்திகள் பலவற்றில் பல்குத்தும் குச்சியும் சிறு இடுக்கியும் உருவி எடுக்கும்படி செருகியிருக்கும். வாயில் போட்டுப் பார்க்கும் வயதுக் குழந்தைக்கு அவை தொண்டையில் சிக்கும் பொருள்கள்.

சாவிக்கொத்துக் கத்தி சிலவற்றில் சிறு விளக்கும் வருகிறது. அந்த விளக்குக்குள் பொத்தான் வடிவ பேட்டரி இருக்கும். கத்தியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் பேட்டரியைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அலகைவிட எனக்கு அதுதான் அச்சமூட்டுகிறது. அலகு வெட்டினால் பிள்ளை அலறும், நாம் ஓடி வருவோம். பேட்டரியை விழுங்கிய பிள்ளை சிறிது நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கலாம். ஆனால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான சதையைத் தொட்ட இடத்தில் மின்சாரம் பாய்ந்து, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். ஆகையால் விளக்கு வைத்த கத்தி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது லாக். கடைக்காரரைக் கேட்டால் லாக் உள்ளதுதான் பாதுகாப்பு என்பார். பெரியவர்கள் கையில் அது உண்மையும்கூட. அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரல்மேல் விழாமல் அது காக்கிறது. ஆனால் லாக் போட்ட கத்தியை மூடுவதற்கு அந்த லாக்கை எடுத்தாக வேண்டும், அப்போது விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்று பெருவாரியாக விற்கும் லைனர் லாக் என்னும் அமைப்பில், கைப்பிடிக்குள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகடு, திறந்த அலகின் பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கும். மூடுவதற்கு அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ள வேண்டும். தள்ளும் அந்தக் கணத்தில் கட்டைவிரல் அலகு வந்து படியும் பள்ளத்தின் மேலேயே இருக்கிறது. பழகியவர் அலகைச் சற்று மடக்கியதும் விரலை எடுத்துவிடுவார். பிள்ளைக்கு அது தெரியாது.

இதை நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. என் மகளுக்கு 7 வயது இருக்கும்போது, வந்த பார்சல் ஒன்றை இந்த வகைக் கத்தியால் பிரித்துவிட்டு, கத்தியைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு நான் தொலைபேசியில் பேசப் போய்விட்டேன். அவள் விளையாட எடுக்கவில்லை; அப்பா மறந்துவிட்டார், நாம் மூடி வைப்போம் என்ற நல்ல எண்ணத்தில்தான் எடுத்திருக்கிறாள். முதுகைப் பிடித்து அழுத்தியிருக்கிறாள், மடங்கவில்லை. நான் மூடுவதைப் பலமுறை பார்த்திருந்ததால் தகட்டைக் கண்டுபிடித்துத் தள்ளியிருக்கிறாள். கட்டைவிரலில் 2 தையல் போட வேண்டியதாயிற்று. அது கத்தியின் குற்றம் இல்லை, என் குற்றம்தான். இருந்தாலும் அன்றிலிருந்து எந்தக் கத்தியைக் கையில் எடுத்தாலும், மூடும்போது விரல் எங்கே போகிறது என்று பார்ப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கைப்பிடியின் முதுகில் அழுத்தி எடுக்கும் லாக்கில் கட்டைவிரல் தப்பித்துவிடும். ஆனால் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் மற்ற நான்கு விரல்களும் பள்ளத்தின் வாயிலேயே இருக்கும். எனக்குத் திருப்தி தந்த லாக் ஒன்றே ஒன்றுதான், அது பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தியில் இருக்கும் வளையம். 1955-இல் மார்செல் ஓப்பினெல் சேர்த்த இந்த உலோக வளையத்தைத் திருப்பினால் திறந்த அலகு மடங்காமல் நிற்கும். திருப்பும் விரல்கள் அலகின் பாதைக்கு வெளியே இருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் வருகிற கத்திகளில் மூடிய நிலையிலும் வளையத்தைத் திருப்பிப் பூட்டலாம். அப்படிப் பூட்டிவிட்டால் வளையத்தைத் திருப்புவது ஒரு வேலை, நகத்தால் இழுப்பது இன்னொரு வேலை என்று பிள்ளைக்கு இரண்டு தடை. குறையும் உண்டு. ஈரம் பட்டால் மரம் ஊதி அலகு இறுகிவிடும், ஐப்பசி கார்த்திகை மழையில் உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம். வளையத்தைத் திருப்ப மறந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே பழம் நறுக்க மட்டும் என்றால் லாக் இல்லாத, வில் கடினமான, ஒரே அலகு அல்லது இரண்டே அலகு உள்ள பேனாக்கத்தி போதும். சாக்கு, தடித்த கயிறு என்று அழுத்தி வெட்டும் வேலை இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால், வளைய லாக் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். செடியின் கிளைகளைக் கத்தியால் வெட்டாதீர்கள், அதற்குக் கத்தரி இருக்கிறது. இங்கிலாந்தில் இருந்து பார்க்கும் நேயர்களுக்கு மட்டும் ஒரு சொல்: அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்று சட்டம் விட்டிருப்பது, 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகும் லாக் இல்லாத மடிப்பும் கொண்ட கத்தியை மட்டுமே, வளையம் போட்டதும் லாக் கணக்கில்தான் வரும்.

நுனியைப் பற்றியும் கேட்பீர்கள். வட்ட நுனி உள்ள கத்திகள் கிடைக்கின்றன. ஓப்பினெல், விக்டோரினாக்ஸ் இரண்டுமே பிள்ளைகளின் முதல் கத்தி என்று அப்படி ஒரு வகையைச் செய்கின்றன. அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மற்றக் கத்தியைப் போலவே வெட்டும். கையில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் கண்ணிலும் வயிற்றிலும் குத்தும் அபாயம்தான் குறைகிறது. பழத்துக்கும் கயிற்றுக்கும் கூர்நுனி தேவையே இல்லை என்பதால், பெரியவர் ஒருவர் வட்ட நுனிக் கத்தி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடையில் செய்து பார்க்க மூன்று சோதனைகள் போதும். மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். அலகு மயிரிழை அசைந்தாலும் வேண்டாம். நடைபாதைக் கடையில் பத்துப் பதினைந்து கருவிகளோடு மலிவாகக் கிடைப்பவற்றில் பல இந்த இடத்திலேயே தோற்றுவிடும். பிறகு ஒரு மெல்லிய பருத்தித் துணியை மூடிய கத்தியில் அலகு படிந்திருக்கும் பள்ளத்தின்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் வாயோ நுனியோ வெளியே எட்டிப் பார்க்கிறது என்று பொருள். கடைசியாக, உங்கள் கட்டைவிரல் ஒன்றை மட்டும் கொண்டு திறக்க முயலுங்கள். திறந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய கத்தி எங்கே இருக்கிறது என்பது, எந்தக் கத்தி என்பதற்கு நிகரான விஷயம். அது உங்கள் உடம்பிலோ, பூட்டிய இடத்திலோதான் இருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் பேண்ட்டின் பை, ஸ்கூட்டரின் முன்பெட்டி, தலையணைக்கு அடியில், சாமி அலமாரியின் ஓரம் ஆகிய எவையும் பூட்டிய இடங்கள் அல்ல. உயரமான பரண் என்பீர்கள். நாற்காலியை இழுத்துப் போட 3 வயதுப் பையனுக்குத் தெரியும். கத்தியை மழுங்கலாக விட்டுவைத்தால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். மழுங்கிய வாய்க்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அழுத்தினால் சறுக்கும்.

வெட்டுப்பட்டுவிட்டால் காப்பித்தூளும் மஞ்சள்தூளும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள். இரத்தம் நின்றுவிட்டாலும்கூட, விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை என்றாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றாலோ, தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி, மறைப்பதா காட்டுவதா என்பது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பதில் கிடையாது. பையனுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரிய வேண்டாம். மகளுக்குக் காட்டுங்கள்; ஏனெனில் மறைத்து வைத்ததை அவள் எப்படியும் ஒரு நாள் பார்த்துவிடுவாள். நீங்கள் உட்கார்ந்து, அவளையும் எதிரில் உட்கார வைத்து, வாழைப்பழத்தை நறுக்கக் கொடுங்கள், கத்தி வட்ட நுனியாக இருக்கட்டும், அலகு உடம்பை விட்டு வெளிப்புறமாகப் போகட்டும். திறப்பதும் மூடுவதும் இப்போதைக்கு உங்கள் வேலையாகவே இருக்கட்டும். திறந்த கத்தியை எங்காவது பார்த்தால் தொடாமல், மூடவும் முயலாமல், உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அப்படி அவள் கூப்பிடும்போது, "நான்தான் மறந்துவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு எடுத்து மூடுங்கள். அவள்மேல் எரிந்து விழாதீர்கள். என் மகளுக்கு அதை நான் முன்பே சொல்லியிருக்கவில்லை.