முத்திரை, கடன்சீட்டு, முதன்மை வங்கி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய வணிகத்தைப் பற்றி வெளிநாட்டார் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் குனிந்து வணங்குவதிலும் இரு கைகளாலும் விசிட்டிங் கார்டு நீட்டுவதிலும் போய் நின்றுவிடுகிறது. அந்த மக்களின் இயல்பே அப்படித்தான் என்ற விளக்கம் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ ஒரு நிறுவனத்தின் கணக்குகளைக் கவனிக்கப் போகிறவருக்கு அந்த விளக்கம் ஒரு நாள்கூடத் துணை நிற்காது. அங்கே சில ஆண்டுகள் கணக்குத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: அவர்களுடைய குணம் என்று நாம் எண்ணிக்கொள்ளும் பலவற்றுக்குப் பின்னால் தேதியிட்ட ஒரு சட்டமோ, ஒரு தீர்ப்போ, வங்கிகள் தமக்குள் எழுதிக்கொண்ட ஒரு விதியோ இருக்கிறது. எந்தத் தாளிலும் எழுதப்படாத ஏற்பாடு ஒன்றும் இருந்தது. எல்லாவற்றிலும் பெரியது அதுதான். அது என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முத்திரை. வங்கிக் கணக்கு திறப்பவர், விரல் பருமனே உள்ள தம்முடைய சிறு முத்திரையின் பதிவை வங்கியிடம் கொடுத்து வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். கணினி வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் முன்பு, பணம் எடுக்க வருபவரின் சீட்டை முகப்பு ஊழியர் வாங்கி, முத்திரைப் பதிவின் நடுவே மடித்து, கோப்பிலுள்ள பதிவின்மேல் வைத்து, இரண்டு பாதி வட்டங்களும் கோடு பிசகாமல் சேருகின்றனவா என்று பார்ப்பார். ஐயம் தீராவிட்டால் ஒரு தாளின்மேல் இன்னொன்றை முழுவதுமாக வைத்து, மேல்தாளை வேகமாகத் தூக்கித் தூக்கி விடுவார். எங்காவது ஒரு கோடு விலகியிருந்தால் அந்த இடம் மட்டும் கண்ணுக்கு அசைவதுபோல் தெரியும்.

இத்தனை கவனத்துக்கும் காரணம் ஜப்பானிய சிவில் சட்டத்தின் 478ஆம் பிரிவில் இருக்கிறது. பணம் பெற உரிமையுள்ளவர் போலத் தோன்றும் ஒருவருக்கு, நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவின்றியும் பணம் கொடுத்துவிட்டால், கொடுத்தவருடைய கடன் தீர்ந்துவிட்டது என்கிறது அந்தப் பிரிவு. அதாவது, திருடன் பாஸ்புத்தகத்தையும் முத்திரையையும் கொண்டுவந்து பணத்தை வாங்கிப் போனாலும், ஊழியர் பதிவுகளை ஒழுங்காக ஒப்பிட்டிருந்தார் என்றால் நட்டம் வங்கிக்கு அல்ல, கணக்குக்காரருக்கு. திருட்டு அட்டையாலும் போலி அட்டையாலும் இயந்திரத்தில் எடுக்கப்பட்ட பணத்தைப் பொறுத்தவரை, 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தனிச்சட்டம் இந்த நிலையைப் பெரிதும் மாற்றியது.

ஒப்பந்தங்களிலும் நிலைமை இதைப் போன்றதே. சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, ஒருவருடைய கையொப்பமோ முத்திரையோ உள்ள தனியார் ஆவணம் உண்மையானது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். பதிவு அவருடைய முத்திரையினுடையது என்று தெரிந்துவிட்டால், அதை இட்டது அவருடைய விருப்பத்தோடுதான் என்றும் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. மறுக்கிறவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே நிறுவனத்தின் முத்திரை யாருடைய இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது என்பது அங்கே சடங்கு சார்ந்த கேள்வி அன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முத்திரை இல்லாமலே ஒப்பந்தம் செல்லும் என்பதுதான் தொடக்கம் முதலே சட்டம். அதை ஊருக்கு நினைவூட்ட அரசாங்கம் 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், விளக்கக் குறிப்பே வெளியிட வேண்டியதாயிற்று. வெளிநாட்டார் முத்திரைக்குப் பதிலாகக் கையொப்பம் இடலாம் என்று சொல்லும் சட்டமோ 1899ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

புதிதாகப் போகும் தமிழருக்கு முத்திரையைவிட அதிகத் தொல்லை தருவது பெயர்தான். வங்கியின் பணப்பரிமாற்ற அமைப்பு கணக்குக்காரரின் பெயரைக் கத்தகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்தில் வைத்திருக்கிறது. சுப்பிரமணியன் அங்கே சுபுராமனியான் ஆகிறார். தகப்பனார் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது கடவுச்சீட்டைப் பொறுத்தது. கணக்கில் ஒரு விதமாகவும் சம்பளப் பட்டியலில் வேறு விதமாகவும் எழுதப்பட்டால் பணம் திரும்பிப் போய்விடும். முதல் நாளே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லாப் படிவங்களிலும் அதையே எழுதுவது நல்லது. கணக்கு திறக்கும் படிவத்தில் 'நான் எந்தக் குற்றக் கும்பலையும் சேர்ந்தவன் அல்லன்' என்று உறுதியளிக்கும் பகுதியைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள். அது வெளிநாட்டார்மீது கொண்ட ஐயம் அன்று. யாகுசா கும்பல்களை வணிகத்திலிருந்து விலக்கும் கட்டளைகள் 2011க்குள் நாட்டின் எல்லா மாகாணங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்த உறுதிமொழி எல்லாருக்கும் பொது.

இனி, என் கணிப்பில் ஜப்பானிய வணிகத்தின் முதுகெலும்பாக இருந்த ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். தெகாதா என்னும் கடன்சீட்டு அது. நம் ஊர்ப் புரோநோட்டுக்கு உறவுதான் என்றாலும், இதைக் கடையில் வாங்கி எழுதிவிட முடியாது. வட்டி தராத நடப்புக் கணக்கு ஒன்றை, வங்கியின் விசாரணையைக் கடந்து திறந்த பிறகு, அந்த வங்கி அச்சிட்டுக் கொடுக்கும் புத்தகத்திலிருந்துதான் எழுத வேண்டும். சரக்கை இன்று வாங்கிக்கொண்டு தொண்ணூறு நாளிலோ நூற்றிருபது நாளிலோ பணம் தருவதாக எழுதி, வருவாய்த் தலையை ஒட்டி, அதன்மேல் பாதியும் தாளின்மேல் பாதியுமாக முத்திரை இட்டுக் கொடுப்பார்கள். பெற்றவர் தவணை வரை காத்திருக்கலாம். பின்புறம் எழுதித் தமக்குக் கடன் கொடுத்தவருக்குக் கைமாற்றலாம். தவணைக்கு முன்பே வங்கியில் தள்ளுபடிக்குக் கொடுத்து, வட்டி கழித்துப் பணமாக்கலாம். போருக்குப் பிந்திய தொழில் வளர்ச்சியின்போது சிறிய பட்டறைகள் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனெல்லாம் இந்தத் தாளில்தான் ஓடிற்று.

தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்தியாவில் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு நினைவுக்கு வரும்; அது குற்ற வழக்கு, சிறைத்தண்டனைகூட உண்டு. ஜப்பானில் இதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. சீட்டு ஒரு முறை திரும்பினால் அந்தச் செய்தி, வங்கிகள் சீட்டுகளைத் தமக்குள் மாற்றித் தீர்த்துக்கொள்ளும் தீர்வகத்தில் பங்குபெறும் வங்கிகளுக்கெல்லாம் அறிவிக்கப்படும். ஆறு மாதத்துக்குள் இரண்டாம் முறையும் திரும்பினால், இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வங்கிகளில் எதிலும் நடப்புக் கணக்கும் கிடைக்காது, கடனும் கிடைக்காது. இந்தத் தண்டனை நாடாளுமன்றம் இயற்றியது அன்று. காசோலைத் தீர்வக விதிகளில் வங்கியாளர்கள் தமக்குள் எழுதிக்கொண்டது. ஆனால் எந்தத் திவால் சட்டத்தையும்விட அதிக அச்சத்தை அதுவே விதைத்தது. இரண்டாம் சீட்டு திரும்பியது என்றால் நிறுவனம் மூழ்கிவிட்டது என்றே நாளிதழ்கள் எழுதும்.

ஆகவேதான் மாத இறுதியில் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கறை அப்படி இருக்கும். காலையில் வங்கிக் கிளையிலிருந்து தொலைபேசி வரும். இன்றைய சீட்டுகளுக்கு இவ்வளவு குறைகிறது, மூன்று மணிக்குள் போட்டுவிட முடியுமா என்று மிகப் பணிவான குரலில் கேட்பார்கள். அந்த மூன்று மணியும் வங்கிச் சட்டத்தின் செயல்முறை விதிகளில் எழுதப்பட்டிருந்த நேரம்தான். தவணை தவறாதவர்கள் ஜப்பானியர் என்று நாம் புகழ்வதில் தவறில்லை. அந்தத் தொலைபேசியையும் சேர்த்துப் புகழ வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

எழுதப்படாத ஏற்பாட்டுக்கு வருகிறேன். அதற்கு 1927க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று நிதியமைச்சர் கட்டவோக்கா நவோஹாரு, டோக்கியோ வத்தனபே வங்கி முறிந்துவிட்டது என்று நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். அவர் சொன்ன நேரத்தில் அது முறிந்திருக்கவில்லை. அன்றைய தீர்வுக்கு வேண்டிய பணத்தை எப்படியோ புரட்டியிருந்தது. அமைச்சர் வாயிலிருந்து சொல் வந்த பிறகு எந்த வங்கியால் நிற்க முடியும்? மறுநாள் கதவை மூடியது. பிற வங்கிகளின் வாசல்களிலும் கூட்டம் கூடியது. ஏப்ரலில் அமைச்சரவையே விழுந்து, புதிய நிதியமைச்சர் தக்கஹாஷி கொரேகியோ மூன்று வாரம் கடன் தீர்ப்பை நிறுத்திவைத்தார். இரு பக்கமும் அச்சிட நேரமில்லாமல், பின்பக்கம் வெறுமையாக விடப்பட்ட 200 யென் நோட்டுகளை வங்கி முகப்புகளில் அடுக்கி, மக்களின் கண்ணுக்குக் காட்டிப் பதற்றத்தைத் தணித்தார்கள்.

அதன் பின் சிறு வங்கிகள் இணைக்கப்பட்டன. போர்க்காலத்தில் மாகாணத்துக்கு ஒரு வங்கி என்ற கொள்கை வந்தது. 1945இல் எஞ்சிய சாதாரண வங்கிகள் 61. 1944இல் ஒவ்வொரு போர்த்தளவாட நிறுவனத்துக்கும் கடன் கொடுக்க ஒரு வங்கி குறித்து ஒதுக்கப்பட்டது. போர் முடிந்து, பெருங்குடும்பத் தொழிற்குழுமங்கள் கலைக்கப்பட்ட பிறகும் அந்த உறவுகளில் பல தங்கிவிட்டன. ஒரு நிறுவனத்துக்கு அதிகக் கடன் தருவதும், சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பங்கு வைத்திருப்பதும், தன் மூத்த அலுவலர்களை அங்கே அனுப்புவதும் ஒரே வங்கி. முதன்மை வங்கி என்று அதைச் சொல்வார்கள். நிறுவனம் தத்தளித்தால் அந்த வங்கி கைவிடாது என்று எல்லாரும் நம்பினார்கள். அப்படி ஓர் ஒப்பந்தம் எங்கும் கையெழுத்தாகவில்லை.

நம்பிக்கை வீணானது என்றும் சொல்ல முடியாது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், மஸ்தா கார்களைச் செய்துவந்த ஹிரோஷிமாவின் தோயோ கோக்யோ நிறுவனம் தடுமாறியபோது, சுமித்தோமோ வங்கி தன் ஆட்களை அதன் நிர்வாகத்துக்கு அனுப்பித் தாங்கிப் பிடித்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கார் விற்கும் கடைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1979இல் ஃபோர்டு கால் பங்கு முதலீட்டோடு உள்ளே வந்தது. வங்கிகளுக்கும் இதே போன்ற பாதுகாப்பு இருந்தது: நிதியமைச்சகம் எந்த வங்கியையும் மூழ்க விடாமல், மிக மெதுவான வங்கியின் வேகத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் ஒரே அணியாக நடத்திச் செல்லும்.

டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளியில் முடிந்து, பிறகு சரிந்தது. நில விலையும் வீழ்ந்தது. அடமானம் எல்லாம் நிலம். ஆனாலும் வங்கிகள் வாராக்கடனைச் சில ஆண்டுகள் வெளிக்காட்டாமல் காலம் கடத்தின. 1997 நவம்பர் தொடக்கத்தில் சான்யோ செக்யூரிட்டீஸ் என்ற பங்குத் தரகு நிறுவனம் விழுந்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றாகக் கொடுக்கும் சந்தையில் அது திருப்பித் தராமல் போன தொகை சுமார் 100 கோடி யென்தான். அந்தச் சந்தையின் அளவுக்கு அது தூசு. ஆனால் போருக்குப் பின் அங்கே யாரும் தவறியதில்லை. ஆகவே எல்லாரும் கையை இழுத்துக்கொண்டார்கள். 17ஆம் தேதி ஹொக்கைடோ தக்குஷோக்கு வங்கி வீழ்ந்தது. 24ஆம் தேதி, நூறாண்டு கண்ட யாமாய்ச்சி செக்யூரிட்டீஸ், கணக்கில் காட்டாமல் மறைத்துவைத்த சுமார் 26,000 கோடி யென் நட்டத்தோடு மூடப்படுவதாக அறிவித்தது. தவறு எங்களுடையது, ஊழியர்கள் மேல் குற்றமில்லை என்று அதன் தலைவர் நொசாவா ஷோஹெய் செய்தியாளர் முன் அழுதது உலகெங்கும் ஒளிபரப்பாயிற்று. முதன்மை வங்கியான ஃபூஜி காப்பாற்ற முன்வரவில்லை. அதைக் கேட்டுப் பெற யாமாய்ச்சியிடம் ஒரு தாளும் இல்லை.

அதற்குப் பின் வந்தவை எல்லாம் எழுத்தில் வந்தன. 1998 ஜூனில் வங்கி மேற்பார்வை நிதியமைச்சகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1999இல் வந்த ஆய்வுக் கையேடு ஒவ்வொரு கடனாளியையும் இயல்பானவர் முதல் முறிந்தவர் வரை ஐந்து வகையில் ஒன்றில் நிறுத்தச் சொன்னது. இருபது ஆண்டு கழித்து, 2019இல், அந்தக் கையேடே விலக்கப்பட்டது. கிளை அலுவலர்கள் கடனாளியின் தொழிலைப் பார்ப்பதை விட்டுக் கட்டங்களை மட்டும் நிரப்புகிறார்கள் என்ற குறை வலுத்திருந்தது. வைப்புத்தொகைக்கான காப்புக்கும் வரம்பு வந்தது: வட்டி தரும் கணக்குகளுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 கோடி யென்னும் அதன் வட்டியும் மட்டுமே காப்பு. 2010இல் நிப்பான் ஷின்கோ வங்கி முறிந்தபோது அந்த வரம்பு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

சிறு கடன்களிலும் இப்படித்தான். வட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொகைக்கு ஏற்ப 15 முதல் 20 விழுக்காடு வரை என்றது. தண்டனை தரும் இன்னொரு சட்டமோ 29.2 விழுக்காட்டைத் தாண்டினால்தான் குற்றம் என்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் நுகர்வோர் கடன் நிறுவனங்கள் கொழுத்தன. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. 2010 ஜூன் முதல் உச்சவரம்பு 20 விழுக்காடு, மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய அதிக வட்டியைத் திருப்பித் தர வேண்டிய நெருக்கடியில் அதே ஆண்டு செப்டம்பரில் தக்கெஃபூஜி என்ற நுகர்வோர் கடன் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

கடன்சீட்டுக்கும் இப்போது முடிவு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தாள் வடிவத்திலுள்ள சீட்டுகளையும் காசோலைகளையும் 2027 மார்ச் இறுதிக்குள் ஒழிப்பது என்று வங்கிகள் இலக்கு வைத்திருக்கின்றன. அவற்றின் இடத்தை மின்னணுக் கடன் பதிவுகள் எடுத்துக்கொள்கின்றன. அதில் வருவாய்த் தலையும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆனால் 2013இல் தொடங்கிய அந்த மின்னணு அமைப்பின் விதிப்புத்தகத்திலும், ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை தவறினால் இரண்டு ஆண்டு விலக்கு என்றுதான் எழுதியிருக்கிறது.

வணக்கம்.